நாவச்சரிவில் பதினோரு வீடு

அவளப் பத்தி நல்லதா நாலு வார்த்த வேணும்னா நீங்க கான்வென்ட்டுக்குப் போயிருக்கணும் தாயி. அங்க இருக்குற சிஸ்டருங்க மணிக்கணக்காச் சொல்லுவாங்க. எங்கிட்ட வந்துட்டீங்க. சரி, உக்காருங்க. மெட்ராஸ்லேர்ந்து இம்புட்டு தூரம் மலையேறி வந்து, படம் வரைஞ்ச தொரசாணியப் பத்திப் புஸ்தகம் எழுதப் போறேங்கிறீங்க. அவகூட ஆறு வருசம் ஒரே வீட்டுல கெடந்தவ நான் ஒருத்திதான் இன்னும் உசுரோட இருக்கேன். ஆனா ஒண்ணு. நான் சொல்றத அப்படியே எழுதணும். அழகு பண்ணக்கூடாது. அழகு பண்ணிப் பண்ணித்தான் அவ எங்க குடியக் கெடுத்தா.

"அவ"ன்னு சொல்றேன்னு பாக்குறீங்களா? வயசுல மூத்தவ, செத்தும் போனவ. இருக்கட்டும். "அவுக"ன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

உங்க தாள்ல என்ன இருக்கு? மிஸ் ஹெஸ்டர் லாங்ஃபீல்ட், இங்கிலாந்துல பொறந்தா, லண்டன்ல படிச்சா, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திநாலுல இந்தியா வந்தா. அம்புட்டுதானா? மிச்சத்த நான் சொல்றேன். எல்லாம் அவ வாயாலயே கேட்டது. சாயங்காலம் தலை சீவி விடுறப்ப பேசிக்கிட்டே இருப்பா. தமிழ் நல்லாவே வரும். கொச்சையாத்தான் இருக்கும், ஆனா வரும்.

அவ அப்பனுக்குக் கடலோரத்துல ஒரு மாவு மில்லு. மக படம் படிக்கப் போறேன்னதும் ஆறு மாசம் பேசலையாம். இவ பிடிவாதமா லண்டன் போயிட்டா. அங்க வாத்தியாரு சொல்லியிருக்காரு, மல வரையணும்னா மல ஏறணும், அது பொம்பளைக்கு ஏலாது, நீ பூவும் புள்ள மூஞ்சியும் வரைன்னு. இவ என்ன பண்ணா தெரியுமா? அண்ணனோட காலுசட்டைய மாட்டிக்கிட்டு, அந்த ஊரு மலையில ஏறி, கொட்டுற மழையில குந்தி வரைஞ்சிருக்கா. அத நான் ஒத்துக்கிறேன். தைரியக்காரிதான். அவ கோழையா இருந்திருந்தா நான் என்னைக்கோ மன்னிச்சிருப்பேன்.

அந்த அண்ணன் இங்க மல ரோடு போட வந்த இஞ்சினியரு. ஒரு குளிர்காலம் பாத்துட்டுப் போறேன்னு வந்தவ இவ. வந்த ரெண்டாம் மாசம் அவருக்குக் காட்டுக் காய்ச்சல் கண்டு போய்ச் சேந்துட்டாரு. பொதைச்சுட்டு, கப்பலேறாம, இந்தக் கரடிச்சோலையிலயே தங்கிட்டா. கல்யாணம் காச்சி எதுவும் கெடையாது. காலையில எந்திரிச்சு ஜன்னலத் தொறந்தா, எதுத்தாப்புல நாவச்சரிவு. மஞ்சு மூடுனா ஒரு படம், மஞ்சு வெலகுனா ஒரு படம், குறிஞ்சி பூத்தா ஒரு படம். வருசத்துக்கு ஒரு தடவ மரப்பெட்டியில அடுக்கி லண்டனுக்கு அனுப்புவா. அங்க படம் விக்கிற கடைக்காரன் கண்ணாடி போட்டு மாட்டுவானாம். பேப்பர்க்காரன் ஒருத்தன் எழுதியிருந்தான், "இந்தம்மா படத்தக் கையில வச்சுக்கிட்டு வழி கேக்காம அந்த மலையில நடக்கலாம், ஒரு மரம்கூட இடம் மாறாது"ன்னு. அதக் கத்தரிச்சு சட்டம் போட்டு, வேத வசனப் படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருந்தா. அதுதான் அவளுக்கு வேதம்.

கேட்டுக்குங்க. அந்த நாவச்சரிவுல பதினோரு வீடு இருந்துச்சு.

மூணு தலமொறையா எங்க சனம் இருந்த எடம். கீழ சந்தியாகு வீடு, அதுக்கு மேல மொக்கையன் வீடு, நடுவுல எங்க வீடு. எங்க அப்பா பேரு அருளப்பன். பூண்டும் உருளக்கிழங்கும் போடுவோம். கிணறு இருந்துச்சு, கல்லடுக்கி மாதா செலைய வச்ச சின்னக் கெபி இருந்துச்சு. காலையில பதினோரு அடுப்பும் பொகையும். அவ ஜன்னலுக்கு நேரா. அவ தூரிகைய எடுக்குறப்ப எங்க அம்மா மாவு கரைச்சுக்கிட்டிருப்பா. அவ படத்துல எங்க வீடு எங்கயாச்சும் இருக்கா? பொகை இருக்கா? நீங்கதான் எல்லாப் படத்தையும் பாத்திருக்கீங்களே, சொல்லுங்க. இல்லல்ல?

ஐம்பத்தொம்பதுல எஸ்டேட்டுக்காரங்க வந்தாங்க. அந்தச் சரிவு எங்களுது, தைலமரம் வைக்கப் போறோம், எறங்குங்கன்னாங்க. எங்ககிட்டப் பட்டா இல்ல. மலையில யாருகிட்ட இருந்துச்சு? ஆனா இத்தன வருசமாக் குடியிருந்தோம்னு காட்டுனா எடம் நம்மளுதுன்னு சொன்னாங்க. ட்ராவலர்ஸ் பங்களாவுல விசாரண. அதிகாரி வந்து உக்காந்தாரு. எங்க பக்கம் பேசுனதெல்லாம் நாங்களேதான். எஸ்டேட்டு வக்கீலு அதிகம் பேசல. ரெண்டு படத்தத் தூக்கி மேசமேல வச்சாரு. ஒண்ணு நாப்பத்தொண்ணுல வரைஞ்சது, ஒண்ணு நாப்பத்தொம்பதுல. "நாவச்சரிவு, என் ஜன்னலிலிருந்து." கீழ அவ கையெழுத்து. சரிவு பூரா புல்லு, மேகம், நாலு நாவமரம். ஒரு குருவிக்கூடு கெடையாது. "ஐயா, நாப்பத்தொம்பதுலகூட வீடே இல்ல, எல்லாம் அப்புறம் வந்தவங்க. இந்தம்மா ஒரு மரத்தக்கூட மாத்தி வரைய மாட்டாங்கன்னு லண்டன் பேப்பரே எழுதியிருக்கு"ன்னு அந்தச் செய்தி வந்த பேப்பர்த் துண்டையும் வச்சாரு.

எங்க அப்பா பதறல. "அதுக்கென்ன, தொரசாணிதான் இருக்காங்களே, வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்"னு சொன்னாரு. நம்பிக்க. அவ வீட்டுக்குப் பூண்டு குடுத்ததே அவருதான். நானும் சட்டியத் தூக்கிக்கிட்டு எத்தன தடவ போயிருப்பேன்.

வந்தா. தொப்பி வச்சிக்கிட்டு, நேரா உக்காந்தா. அதிகாரி கேட்டாரு, "அம்மா, இதுல இருக்கிறது நீங்க பாத்தபடிதானா? வீடு இருந்து விட்டுட்டீங்களா?" அப்படித்தான் கேட்டாரு. வாசலத் தொறந்து விட்ட மாதிரி கேட்டாரு. "ஆமா, விட்டுட்டேன்"னு ஒரு வார்த்த. அம்புட்டுதான்.

அவ எங்க அப்பாவப் பாத்தா. அந்தப் பேப்பர்த் துண்டப் பாத்தா. அப்புறம் சொன்னா: "நான் கண்டதைத்தான் வரைவேன்."

நான் பதினஞ்சு வயசுப் புள்ள. சன்னல் பக்கம் நின்னவ "பொய்யி! பொய்யி!"ன்னு கத்திட்டேன். வெளிய தள்ளிட்டாங்க.

ஒரு மாசத்துல எறக்கிட்டாங்க தாயி. ஆளுக்கு ஒரு திக்குல போனோம். அப்பா எங்களக் கூட்டிக்கிட்டு வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு தோப்புல காவலுக்குப் போனாரு. மலைக் காத்துல இருந்த ஒடம்பு, அந்த வெக்கையும் கொசுவும் தாங்கல. ரெண்டு வருசம். சாகுறப்பக்கூட அவளத் திட்டல. "அந்தம்மா கண்ணுக்கு நாம தெரியலயோ என்னவோ"ன்னாரு. எனக்கு அதுதான் ஆறல. திட்டிட்டுச் செத்திருக்கலாம்.

எனக்குக் கல்யாணம் ஆச்சு. லாரி கவுந்து புருசன் போயிட்டாரு. புள்ள இல்ல. எழுபத்திரெண்டுல கான்வென்ட்டு சிஸ்டர் ஒருத்தி சொன்னாங்க, கரடிச்சோலையில ஒரு வெள்ளக்கார அம்மாவுக்குக் கண்ணு போகுது, கூட இருக்க ஆளு வேணும்னு. பேரக் கேட்டேன். கேட்ட நிமிசமே போறேன்னுட்டேன். சிஸ்டரு நெனச்சாங்க எனக்கு எரக்க குணம்னு.

என் பேரு சவரியம்மா. அவகிட்ட "மேரி"ன்னு சொன்னேன்.

கண்ணு எப்படிப் போயிருந்துச்சுன்னா, நடுவுல இருட்டு. ஓரத்துல மட்டும் மங்கலா நிழலாட்டம் தெரியும். மதுர டாக்டரு வைத்தியமே இல்லன்னுட்டாரு. ஆனாலும் காலையில எந்திரிச்சு ஜன்னலுகிட்டதான் உக்காருவா. சாயக் குழாயெல்லாம் வரிசையா வச்சிருப்பா, பேரு படிக்க முடியாது. "மேரி, பச்சை எடு. மேரி, இன்னைக்கு மலை என்ன நெறம்?" எங்கிட்டக் கேட்டா தாயி. எங்கிட்ட.

மொத நாளே பச்சைக்குப் பதிலா செங்காவியக் குடுத்தேன். வாங்கி, விரலால தேச்சுப் பாத்து, ஒண்ணும் சொல்லாம அப்புனா. மல செவச்செவன்னு எழும்புச்சு, வெட்டுக்காயம் மாதிரி. எனக்கு உள்ள அப்படி ஒரு குளுமை. "நல்லா இருக்கா மேரி?"ன்னா. "அப்படியே இருக்கு மிஸ்ஸியம்மா, ஒரு மரம்கூட மாறல"ன்னேன்.

தெனமும் இதுதான். வானத்துக்கு மஞ்சள். மஞ்சுக்குக் கறுப்பு. சோறு ஊட்டுவேன், வெந்நி வச்சுக் குளிப்பாட்டுவேன், முட்டிக்குத் தைலம் தேய்ப்பேன். தேத்தண்ணி ஆறிப்போனாக் குடிக்க மாட்டா, ரெண்டு தடவ போட்டுக் குடுப்பேன். சண்டை போட ஆளு நல்லா இருக்கணும்ல? அதுக்குத்தான்.

அப்புறம் செங்காவி மட்டும் போதலன்னு தோணுச்சு. சரிவு பூராவும் அப்பத் தைலமரம். வீடு ஒண்ணும் கெடையாது, கெபியக்கூட இடிச்சுட்டாங்க. ஒரு நாள் "சரிவுல என்ன தெரியுது மேரி?"ன்னு கேட்டா. "கீழ ஒரு வீடு தெரியுது மிஸ்ஸியம்மா"ன்னேன். தூரிகை நின்னுச்சு. "எப்படி வீடு?"ன்னா. சொன்னேன். புல்லுக் கூரை, பக்கத்துல மாட்டுக் கொட்டாய், சந்தியாகு வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே. அவ கையப் புடிச்சு எடத்துல வச்சேன். வரைஞ்சா.

இருந்தப்ப இல்லன்னு சொன்னவள, இல்லாதப்ப இருக்குன்னு வரைய வச்சேன். லண்டன்காரன் பாத்துச் சிரிக்கணும், அந்தப் பேப்பர்க்காரன் காறித் துப்பணும், கெழவிக்குப் புத்தி பெசகிருச்சுன்னு ஊரு ஒலகம் பேசணும். அதான் என் கணக்கு. மூணு வருசத்துல பத்து வீடு வச்சேன். ஒவ்வொரு வீட்டுக்கும் படம் படமாப் போட்டா. அதுல இருந்த சனத்தயும் கேப்பா. மொக்கையன் கெந்தி நடப்பான்னு சொன்னேன், கெந்தி நடக்குற மாதிரியே ஒரு கோடு இழுத்தா. பாத்ததும் முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டேன். சாய வாடை, ஒத்துக்காது எனக்கு.

பெட்டி கட்டி நான்தான் லண்டனுக்கு அனுப்புனேன். காத்துக்கிட்டிருந்தேன்.

லண்டன் கடைக்காரன்கிட்டேர்ந்து கடிதாசு வந்துச்சு. சர்ச்சுப் பாதிரியார் வந்து படிச்சாரு. உங்களுக்குத்தான் தெரியுமே என்ன எழுதியிருந்தான்னு. இத்தன வருசத்துல இப்படி ஒண்ணு வந்ததில்லயாம். செவப்பு மலையப் பாத்து ஆளுங்க நின்னுட்டாங்களாம். பெரிய மியூசியம் ஒண்ணு மூணு படத்த எடுத்துக்கிச்சாம். பாதிரியாரு சந்தோசத்துல கை தட்டுறாரு. நான் அடுப்படிக்குப் போயி ஒரு சட்டியப் போட்டு ஒடச்சேன். கவுக்கணும்னு தள்ளுன என் கையே அவளத் தூக்கி நிறுத்திருச்சு. பின்ன? நீங்க இன்னைக்கு வந்திருக்கிறதே அந்தச் செவப்பு மலைக்காகத்தானே?

சட்டி ஒடஞ்ச சத்தம் கேட்டுக் கூப்பிட்டா. பாதிரியாரு போயிட்டாரு. மத்தியான வெயிலு ஜன்னல் வழியா அவ மடியில விழுது. சொல்றா:

"சவரி, இங்க வா."

மேரின்னு இல்ல. சவரின்னு.

"எப்பத்துலேர்ந்து தெரியும்?"னேன்.

"மொத நாளே. 'ஒரு மரம்கூட மாறல'ன்னு சொன்னியே, அந்தக் குரல். பங்களாவுல கத்துனது நீதான். கண்ணுதான் போச்சு, காது இருக்கு."

"செங்காவின்னும் தெரியுமா?"

"செங்காவி விரலுக்கு நறநறன்னு இருக்கும் சவரி. பச்சை வெண்ணெய் மாதிரி இருக்கும். நாப்பது வருசமாத் தொடுறேன்."

"தெரிஞ்சு ஏன் வரைஞ்சீங்க?"

சொன்னா. வந்த புதுசுல வீடெல்லாம் வச்சு, பொகையெல்லாம் வச்சு ஒரு படம் அனுப்புனாளாம். கடைக்காரன் திருப்பி அனுப்பிட்டானாம். ஆளு தொடாத மலைதான் வேணும், குடிசை வேண்டாம்னானாம். அன்னைலேர்ந்து தெனமும் காலையில ஜன்னலத் தொறந்து, பதினொண்ணையும் ஒண்ணொண்ணா எண்ணி, ஒண்ணொண்ணா விட்டுட்டு வரைவாளாம். "விட்டுட்டேன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா, இருபத்தஞ்சு வருசப் படமும் பொய்யின்னு ஆயிரும். எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு?"ன்னா.

"எங்க அப்பாகிட்ட என்ன இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

விடுவேனா? தாளு எடுத்து முன்னால வச்சேன். "எழுதுங்க. பதினோரு வீடு இருந்துச்சு, நான் பொய் சொன்னேன்னு எழுதுங்க." எழுதுனா. எழுத்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, கோணல் மாணலா, பக்கம் பூரா. கையெழுத்தும் போட்டா. நான் பஸ் ஏறி தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனேன். குமாஸ்தா படிச்சுட்டு, "வழக்கு முடிஞ்சு இருபது வருசம் ஆகப் போகுது. தவிர, இந்தம்மாவுக்குக் கண்ணே தெரியாதாமே, அவங்க எழுதுனத எப்படி எடுத்துக்கிறது?"ன்னாரு. கண்ணு தெரிஞ்சப்ப சொன்ன பொய்ய நம்புனாங்க. கண்ணு போனப்புறம் சொன்ன நெசத்த எடுத்துக்க மாட்டாங்களாம். திரும்பி வந்து அவகிட்டச் சொன்னேன். அழுதா. அழட்டும்னு பாத்துக்கிட்டு நின்னேன். மூக்கு ஒழுகுனதும் தொடச்சு விட்டேன். அம்புட்டுதான்.

அப்புறம்தான் அந்தப் பெரிய படம். நீங்க போட்டோ காட்டுனீங்களே, அதேதான். ஆளு ஒசரத் துணியில, சரிவு முழுசா, பத்து வீடும் ஒண்ணா. ஒரு வருசம் ஆச்சு. இப்பச் சாயம் மாத்திக் குடுக்கல. அவ என்ன கேட்டாளோ அதக் குடுத்தேன், செவப்பத்தான் கேட்டா. முடியுற சமயத்துல கேக்குறா, "பத்துதான் ஆச்சு. நடுவுல ஒண்ணு பாக்கி. உங்க அப்பா வீடு. வாசல் எந்தப் பக்கம் சவரி?"

"சொல்ல மாட்டேன்"னேன்.

"மேக்கயா, கெழக்கயா? அது மட்டும் சொல்லு. பூண்டு காயப்போடுவாரே, அந்தக் கல்லு வாசலுக்கு எந்தப் பக்கம்?"

"இருபத்தஞ்சு வருசமாப் பாத்தீங்கல்ல. ஞாபகத்துலேர்ந்து போடுங்க."

"வேணாம்னு வேணாம்னு பாத்தது சவரி. அதான் வர மாட்டேங்குது."

படுக்கையில விழுந்தப்புறமும் கேட்டாக. கஞ்சி குடுக்குறப்ப வாயத் தொறக்காம, "வாசல் எந்தப் பக்கம்?" நான் கரண்டிய வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவேன். அப்புறம் சூடு பண்ணித் திரும்பக் கொண்டு வருவேன். கடைசி நாள் அவுக கைய எம்பக்கம் நீட்டி, விரலால காத்துல கட்டம் போட்டாக. ஒரு பக்கம் தட்டித் தட்டிக் காட்டுனாக, இந்தப் பக்கமான்னு. சரியாத்தான் காட்டுனாக தாயி. மேக்கதான் வாசல். எனக்குத் தெரியும். "இல்ல"ன்னுட்டேன்.

நீங்க சொன்னீங்களே, அந்தப் படத்து நடுவுல ஒரு எடம் வெறுந்துணியா இருக்கு, அத மௌனம்னு ஒருத்தர் எழுதியிருக்காருன்னு. மௌனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது அருளப்பன் வீடு. நான் குடுக்கல. அப்படியே எழுதுங்க. என் பேரு போட்டு எழுதுங்க.

பாதிரியாரு சொன்னாரு, அவங்க பாவத்துக்கு வருத்தப்பட்டுத்தான் அந்த வீடெல்லாம் வரைஞ்சாங்க, நீயும் மன்னிச்சிரும்மான்னு. வருத்தப்பட்டா எங்க அப்பா எந்திரிச்சு வருவாரா? நாவச்சரிவுல எஸ்டேட்டு கைமாறி இப்ப ஓட்டலு நிக்குது. பேரு என்ன தெரியுமா, "வியூ"வாம்.

இன்னும் ஒண்ணு இருக்கு. அதயும் எழுதிக்குங்க.

சர்ச்சுக் கல்லறைத் தோட்டத்துக் கீழ் ஓரத்துல ஒரு எடம் உண்டு. அங்க படுத்தா நாவச்சரிவு முழுசாத் தெரியும். தன்ன அங்கதான் வைக்கணும்னு எங்கிட்டப் பத்து தடவயாச்சும் சொல்லியிருப்பாக. செத்ததும் பாதிரியாரு கேட்டாரு, "கடைசி ஆசைன்னு ஏதாச்சும் சொன்னாங்களா சவரியம்மா? நீதான கூட இருந்த." நான் கண்ணு இமைக்காமச் சொன்னேன், "மேல் ஓரத்துல, ரோட்டுப் பக்கமா வைக்கச் சொன்னாங்கய்யா. சனங்க போறது வர்றது கேக்கணுமாம்." அப்படியே வச்சுட்டாங்க. நீங்க போய்ப் பாருங்க. நேர் எதுத்தாப்புல பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் சுவரு. மலையும் தெரியாது, மஞ்சும் தெரியாது. முப்பத்தாறு வருசமா அதத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்காக.

சனிக்கெழம சனிக்கெழம போவேன். முட்டி வலிச்சாலும் போவேன். புல்லப் புடுங்கி, கல்லக் கழுவித் தொடச்சுட்டு வருவேன். போன வாரம்கூட கான்வென்ட்டுச் சிஸ்டரு ஒருத்தி பாத்துட்டு, "இன்னுமா சவரியம்மா? அம்புட்டுப் பாசமா?"ன்னு கேக்குறாங்க.

பாசமாவது ஒண்ணாவது. புல்லு மூடிருச்சுன்னா அவுகளுக்கு அந்தச் சுவரு எப்படித் தெரியும்?